தீப்பொறி இல்லாத மோட்டார் தந்த மேதை: நிக்கோலா டெஸ்லா

மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது விளக்கு. விளக்கு என்றதும் எடிசனின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். ஆனால், கிணற்று மேட்டுச் சிறு கொட்டகைக்குள் நின்று, கோடை முழுவதும் வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கையில், அதற்கு வழிகோலியவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அரவை மில்லிலும் நூற்பாலையிலும் ஓய்வின்றிச் சுழல்வது அந்த மோட்டார்தான். இன்று பெட்ரோல் இல்லாமல் சாலையில் விரையும் மின்சாரக் கார்களை ஓட்டுவதும் அதுவே. அல்லது அதன் நெருங்கிய உறவு. இவை அனைத்துக்கும் அடிப்படையான கருத்து ஒரு மாணவனின் வினாவாக வகுப்பறையில் பிறந்தது. அந்த வினாவை எழுப்பிய மாணவர் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார் என்பது நம் போன்ற மாணவர்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

பிறப்பும் இளமையும்

நிக்கோலா டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று குரோஷிய நாட்டில் உள்ளதுமான சிமில்யான் என்னும் சிற்றூரில், செர்பியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை மிலுட்டின் கிறித்தவ வைதிகத் திருச்சபையின் குருவாக இருந்தவர். தாய் ஜார்ஜினா எழுத்தறியாதவர். எனினும் தம் மக்களின் நெடும்பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் நினைவாற்றல் உடையவர்; வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறனும் வாய்ந்தவர். தம் படைப்பாற்றல் தாய் வழி வந்தது என்றே டெஸ்லா பிற்காலத்தில் கூறிவந்தார்.

மகனும் தம்மைப் போலவே குருவாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ பொறியியலில் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்து 1873இல் ஊர் திரும்பிய டெஸ்லாவை வாந்திபேதி நோய் பற்றியது. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் படுக்கையிலேயே கிடந்தார். பிழைப்பது அரிது என்று வீட்டார் கலங்கிய நிலையில், எழுந்து நடமாடினால் பொறியியல் கல்லூரிக்கே அனுப்புவதாகத் தந்தை வாக்களித்தார். மகன் தேறினார், தந்தையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வகுப்பறையில் எழுந்த வினா

1875இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் டெஸ்லா சேர்ந்தார். முதலாண்டில் எல்லாப் பாடங்களிலும் முன்னணியில் நின்றார். அங்கே இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பேஷல், பாரிசிலிருந்து வரவழைத்த கிராம் இயந்திரம் ஒன்றை ஒரு நாள் வகுப்பில் இயக்கிக் காட்டினார். அது மின்சாரத்தை ஆக்கவும் வல்லது. மின்சாரம் செலுத்தினால் மோட்டாராகச் சுழலவும் வல்லது. மோட்டாராகச் சுழன்றபோது, தூரிகைகள் தொடும் இடத்தில் தீப்பொறிகள் சிதறின.

இந்தப் பொறியை நாமும் பார்த்திருக்கிறோம். வீட்டு மிக்ஸி ஓடும்போது அதன் அடியிலுள்ள துளைகள் வழியே உற்று நோக்கினால் நீலப் பொறிகள் தெரியும். ஒருவகைக் கருகல் மணமும் வரும். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லவும், அரைச் சுற்றுக்கு ஒரு முறை அதன் திசையை மாற்றவும், செப்புத் துண்டுகளால் ஆன திசைமாற்றி வளையம் ஒன்று அங்கே உண்டு. அதன்மேல் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். கடைக்காரர்கள் கார்பன் என்று சொல்லி விற்பது இதைத்தான். உரசலால் கரி தேயும். பொறியால் செம்பு கருகும். தேய்ந்த தூள் உள்ளே படியும். இவ்வகை மோட்டாரில் முதலில் பழுதாகும் உறுப்பு பெரும்பாலும் இதுவே.

திசைமாற்றியும் தூரிகையும் இல்லாமலே மோட்டாரைச் சுழலச் செய்ய இயலாதா என்று டெஸ்லா கேட்டார். பேராசிரியர் அந்த வினாவைப் புறக்கணிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு விரிவுரையே நிகழ்த்தினார். ஆனால் முடிவில், அது நடவாத செயல் என்றும், ஆற்றல் ஊட்டாமலே என்றென்றும் ஓடும் இயந்திரத்தை நாடுவது போன்றதென்றும் தீர்ப்பளித்தார். மறுத்துரைக்க மாணவரிடம் சான்று ஏதும் இல்லை. உள்ளத்தில் நம்பிக்கை மட்டுமே இருந்தது. ஆசிரியர் மேலிருந்த மதிப்பால் சில காலம் தளர்ந்தாலும், பின்னர் மீண்டும் அவ்வினாவையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அடுத்து வந்த ஆண்டுகள் பெருமைக்குரியன அல்ல. சூதாட்டத்தில் மனம் சென்றது, படிப்பு தடைப்பட்டது, 1878இல் பட்டமின்றிக் கல்லூரியை விட்டார். 1879இல் தந்தை காலமானார். 1880இல் பிராக் நகரப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேராமல் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். எந்தப் பட்டமும் கைக்கு வரவில்லை. வினா மட்டும் கூடவே வந்தது.

பூங்காவில் பிறந்த விடை

1881இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் தந்தி, தொலைபேசிப் பணியில் அமர்ந்தார். 1882ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு மாலை, சிகெட்டி என்னும் நண்பருடன் நகரப் பூங்காவில் உலவிக்கொண்டிருந்தார். கதிரவன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தான். ஜெர்மன் பெருங்கவிஞர் கெத்தேயின் பௌஸ்ட் நாடகப் பகுதி ஒன்றை மனப்பாடமாகச் சொல்லிவந்த டெஸ்லா திடீரென நின்றார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் வரைந்து நண்பருக்கு விளக்கத் தொடங்கினார். வகுப்பறையில் எழுந்த வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது.

விடை இதுதான். வட்டமாக நிற்கும் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையை உயர்த்தித் தாழ்த்துவதாக வைத்துக்கொள்வோம். எவரும் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆயினும் உயர்ந்த கை மட்டும் வட்டத்தைச் சுற்றி ஓடுவதுபோல் தோன்றும். அவ்வாறே, அசையாமல் நிற்கும் கம்பிச் சுருள்களை வட்டமாக அமைத்து, ஒன்றின்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மாறுதிசை மின்னோட்டங்களைச் செலுத்தினால், காந்தப் புலம் சுழலத் தொடங்கும். நடுவே வைத்த உலோக உருளையில் அச்சுழலும் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும். தூண்டப்பட்ட மின்னோட்டத்தால் உருளையும் காந்தமாகிப் புலத்தைத் துரத்தும். சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து மின்கம்பி வேண்டியதில்லை; ஆகவே தூரிகையும் இல்லை; தீப்பொறியும் இல்லை. தூண்டல் மோட்டார் என்று நாம் பாடநூலில் படிப்பது இதையே.

உருளை புலத்தை முழுவதும் எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் தூண்டலே நின்றுவிடும். நான்கு முனைகள் கொண்ட மோட்டாருக்கு விநாடிக்கு 50 அலைகள் கொண்ட நம் மின்சாரத்தைக் கொடுத்தால், புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுற்றும். உருளையோ 1440 முறை அளவில் சுற்றும். பம்புசெட்டின் பெயர்த்தகட்டில் 1500க்குச் சற்றுக் குறைந்த எண் பொறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இந்தப் பின்தங்கலே.

அமெரிக்காவில்

1882இல் பாரிசில் எடிசன் குழும நிறுவனத்தில் பணியேற்ற டெஸ்லா, 1883இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றிருந்தபோது, ஓய்வு நேரத்தில் தம் மோட்டாரின் முதல் மாதிரியைத் தம் கையாலேயே செய்து சுழலவிட்டார். முதலிட முன்வருவார் எவரும் இல்லை. 1884இல் நியூயார்க் சென்று எடிசனின் தொழிற்கூடத்தில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் வேலை பார்த்து விலகினார். பிறகு கூட்டாளிகளுடன் தொடங்கிய விளக்கு நிறுவனமும் அவர் கையை விட்டுப் போயிற்று. 1886இல் நாளொன்றுக்கு இரண்டு டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டும் நிலைக்கு வந்தார். உலகின் ஆலைகளை இயக்கப்போகும் கருத்தைத் தலையில் தாங்கியவர் கையில் மண்வெட்டி தாங்கி நின்றார்!

1887இல் நிலை மாறியது. இரு முதலீட்டாளர்களின் துணையுடன் புதிய நிறுவனம் தோன்றியது. 1888 மே 1ஆம் நாள் மோட்டாருக்கும் அதன் மின்வழங்கு முறைக்கும் காப்புரிமைகள் கிடைத்தன. அதே மாதம் 16ஆம் நாள் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரை அறிஞர் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 60,000 டாலர் பெறுமான பணமும் பங்குகளும் தந்து, குதிரைத்திறன் ஒன்றுக்கு இரண்டரை டாலர் உரிமைத்தொகையும் தருவதாக ஒப்பந்தம் செய்தார்.

இங்கு ஒன்றை நேர்மையுடன் சொல்ல வேண்டும். இத்தாலியின் டூரின் நகரப் பேராசிரியர் கலிலியோ பெராரிஸ் என்பாரும் சுழல் காந்தப் புலத்தைத் தனியே கண்டு, 1888 மார்ச்சில் வெளியிட்டார். இன்று நாம் காணும் மூன்று கட்ட, கூண்டு வடிவ உருளை கொண்ட மோட்டாரை 1889இல் செம்மையாக அமைத்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி ஆவார். பல ஆறுகள் கூடியே கடலாகின்றன. டெஸ்லாவின் பெருமை இதனால் குறைவதில்லை.

எடிசன் தரப்பு நேர்திசை மின்சாரத்திற்காக வாதாடியது. வெஸ்டிங்ஹவுஸ் தரப்பு மாறுதிசை மின்சாரத்திற்காக நின்றது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்தது. நயாகரா அருவியில் ஆக்கிய மின்சாரம் 1896 நவம்பரில் பபலோ நகரை எட்டியது. வாதம் முடிந்தது.

இடையில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கியது. உரிமைத்தொகை பெருஞ்சுமையாயிற்று. டெஸ்லா அதை வற்புறுத்தவில்லை. 1897இல் 216,000 டாலர் மொத்தத் தொகைக்குக் காப்புரிமைகள் நிறுவனத்திற்கே சொந்தமாயின. அதன்பின் உலகெங்கும் கோடிக்கணக்கில் பெருகிய மோட்டார்களால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை.

கார் அன்று ஏன் காத்திருந்தது?

1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள் என்றால் இன்று வியப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் டெஸ்லாவின் மோட்டார் இல்லை. தூரிகை மோட்டாரே இருந்தது. காரணம் எளிது. மின்கலம் தருவது நேர்திசை மின்சாரம். தூண்டல் மோட்டாருக்கோ மாறுதிசை மின்சாரம் வேண்டும். அதிலும், காரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அலைகளின் எண்ணிக்கையையே கூட்டிக் குறைக்க வேண்டும். அதைச் செய்யக் கையடக்கமான கருவி அன்று இல்லை. மின்கலமும் பளுவானது, செல்லும் தொலைவோ குறைவு. 1908இல் போர்டின் மலிவான பெட்ரோல் கார் வந்தது. 1912இல் கையால் சுழற்றாமலே பெட்ரோல் காரைக் கிளப்பும் மின்கருவி வந்தது. மின்சாரக் காரை வீதியிலிருந்து விரட்டியதிலும் ஒரு மின்மோட்டாருக்குப் பங்கு உண்டு என்பது வரலாற்றின் விளையாட்டு.

1957இல் தைரிஸ்டர் முதலான ஆற்றல்மிகு குறைகடத்திக் கருவிகள் தோன்றத் தொடங்கிய பிறகே கதவு திறந்தது. நேர்திசை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வேண்டிய மாறுதிசை அலையாக்கும் இன்வெர்ட்டர் சாத்தியமாயிற்று. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மின்சாரக் காரில் 102 கிலோவாட் திறனுள்ள மூன்று கட்டத் தூண்டல் மோட்டார் இடம்பெற்றது. 2003இல் டெஸ்லாவின் பெயரையே சூட்டிக்கொண்டு ஒரு நிறுவனம் தோன்றியது. 2008இல் அது விற்பனைக்கு அனுப்பிய முதல் காரின் நான்கு முனைத் தூண்டல் மோட்டார், 375 வோல்ட் மின்கலத் தொகுதியுடன் இணைந்து, நிமிடத்திற்கு 14,000 சுற்று வரை சுழன்றது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் மின்சாரம் விநாடிக்கு ஏறத்தாழ 470 அலைகள் வீதம் ஊட்டப்பட வேண்டும். பம்புசெட்டுக்கும் இந்தக் காருக்கும் கொள்கை ஒன்று; வேகம்தான் வேறு.

பராமரிப்பும் உழைப்பும்

இத்தகைய மோட்டாரில் சுழலும் உறுப்பு ஒன்றே ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் உள்ள பிஸ்டன், வால்வு, பிளக், எஞ்சின் ஆயில் எதுவும் இல்லை. ஓய்வு நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் தரும். ஆதலால் பெரும்பாலான கார்களில் கியர் மாற்றும் வேலையும் இல்லை. காரின் வேகத்தைத் தணிக்க வேண்டும்போது சுழல் புலத்தின் வேகத்தை உருளையின் வேகத்தைவிடக் குறைத்தால் போதும். மோட்டார் மின்னாக்கியாக மாறி ஆற்றலை மின்கலத்துக்கே திருப்பித் தரும். இதனால் பிரேக் கட்டைகளும் மெதுவாகத் தேயும்.

அதற்காக இது அழிவற்றது என்று எண்ணிவிடலாகாது. தேய்வது முதன்மையாக பேரிங். இன்வெர்ட்டரின் விரைந்த வெட்டலால் தண்டில் மின்னழுத்தம் தோன்றி, பேரிங் வழியே பாய்ந்து, குண்டுகளில் நுண்ணிய குழிகளை ஏற்படுத்துவதும் உண்டு. பீங்கான் குண்டுகள் இடுவதும், தண்டிலிருந்து மின்சாரம் கசிய வேறு வழி அமைப்பதும் இதற்கு மருந்து. அடுத்த பகை வெப்பம். சுருளின் காப்புப்பூச்சு தாங்கும் அளவுக்கு மேல் 10 பாகை சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. ஆகவே குளிர்விக்கும் நீர் குறையாமலும் கசியாமலும் பார்த்துக்கொள்வது முக்கியம். மூன்றாவது பகை ஈரம். கிணற்று மோட்டாரின் காயில் எரிந்து மறுசுருள் கட்டக் கொண்டுபோகும் உழவருக்கு இம்மூன்றும் புதியன அல்ல.

இன்று பல கார்களில் உருளைக்குள் நிலைக்காந்தம் பதித்த மோட்டார்கள் இடம்பெறுகின்றன. அவற்றின் பயனுறுதிறன் சற்று மிகுதி. ஆனால் அளவு கடந்து சூடானால் காந்தம் வலுவிழக்கும். அக்காந்தத்திற்கு அருமண் உலோகங்களும் வேண்டும். எவ்வகையாயினும், நிலைத்து நிற்கும் சுருள்களில் காந்தப் புலத்தைச் சுழலவிடும் கருத்து டெஸ்லா பூங்கா மண்ணில் வரைந்ததே. சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் தொடர்வண்டியின் சக்கரங்களைச் சுழற்றுவதும் மூன்று கட்ட மோட்டார்களே.

ஒரு கட்டுக்கதை

டெஸ்லாவைப் பற்றி ஒரு கதை பரவியுள்ளது. 1931இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் மோட்டாரைப் பொருத்தி, மின்கலமே இன்றி, வானிலிருந்து ஆற்றலை ஈர்த்து அவர் ஓட்டினாராம். இதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. புகழ்வதாக எண்ணி இக்கதையைச் சொல்வோர் உண்மையில் அவருக்குத் தீங்கே செய்கின்றனர். ஆற்றலின்றி ஓடும் இயந்திரம் போன்றது என்றுதான் பேராசிரியர் அவருடைய கருத்தை அன்று ஒதுக்கினார். அது அப்படியன்று என்று மெய்ப்பித்ததுதான் டெஸ்லாவின் வெற்றி. அவரையே அந்த மாயக் கூட்டத்தில் சேர்ப்பது முறையாகுமா?

இறுதி நாட்கள்

1895இல் அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாகிப் பல ஆண்டு உழைப்பு சாம்பலாயிற்று. 1896இல் நியூயார்க்கில் விவேகானந்தர் அவரைச் சந்தித்து, பொருளும் ஆற்றலும் பற்றி அளவளாவினார். 1898இல் கம்பியின்றி இயக்கும் சிறு படகைக் காட்டி மக்களை வியக்க வைத்தார். கம்பியின்றி உலகெங்கும் செய்தியும் மின்னாற்றலும் அனுப்ப எண்ணி 1901இல் எழுப்பத் தொடங்கிய கோபுரம், பணமின்மையால் பாதியில் நின்றது; 1917இல் தகர்க்கப்பட்டது. அதே 1917இல்தான் எடிசன் பெயரால் அமைந்த பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் விடுதி அறைகளில் தனியே வாழ்ந்து, புறாக்களுக்கு இரையிடுவதில் ஆறுதல் கண்டார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாதம் 125 டாலரும் விடுதி வாடகையும் கொடுத்துவந்தது. 1943 ஜனவரி 7ஆம் நாள், நியூயார்க்கர் விடுதியின் 3327ஆம் எண் அறையில், தம் 86ஆம் வயதில், அருகில் எவரும் இன்றி மறைந்தார். 1960இல் காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பட்டம் பெறாத மாணவரின் பெயரை எழுதாமல் இன்று இயற்பியல் பட்டம் பெற இயலாது.

மாணவ நண்பர்களே! டெஸ்லா கல்லூரியை விட்டதையும் சூதாடியதையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவரே அந்த ஆண்டுகளைப் பெருமையாகக் கருதியதில்லை. பின்பற்றத்தக்கது வேறு. விடை தெரியாத நிலையிலும் அவர் வினாவைக் கைவிடவில்லை. முடியாது என்று கேட்ட பிறகும் ஆசிரியர்மேல் பகை கொள்ளவில்லை. ஏழாண்டுகள் கழித்து விடையைச் செயலால் காட்டினார். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம் உண்டு. கடைசி வரிசையிலிருந்து எழும் வினா பிழையாகத் தோன்றலாம். பெரும்பாலும் பிழையாகவும் இருக்கலாம். ஆயினும் பேராசிரியர் பேஷல் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் காட்டிய தடைகள்தாம், எதைக் கடக்க வேண்டும் என்பதை அந்த மாணவருக்குத் தெளிவாக்கியிருக்க வேண்டும். எனவே வினாவும் வாழ்க! மறுப்பும் வாழ்க! இரண்டும் உள்ள வகுப்பறையில் அறிவு வளரும்.